கிலோ கணக்கோடு ஒரு இலக்கமும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

'கேரள கஞ்சா இத்தனை கிலோ சிக்கியது' என்று மன்னாரிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். படகு, எஞ்சின், பெறுமதி எல்லாம் வருகிறது. சிக்காமல் கொழும்புக்கு வந்து சேர்ந்தது பிள்ளைகளின் தலைக்குள் என்ன செய்கிறது என்பது மட்டும் வருவதில்லை.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் மருந்து கொடுப்பவள். ஒரு அம்மா அடிக்கடி வந்து ஒட்டுப் பிளாஸ்டர் வாங்குவார். யாருக்குக் காயம் என்று கேட்டேன். காயம் இல்லையாம். மகன் போன் கமராவுக்கும் கதவின் சாவித் துவாரத்துக்கும் ஒட்டுகிறானாம். பக்கத்து வீட்டார் தன்னைப் பார்க்கிறார்கள், தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்கிறானாம். உயர்தரம் படிக்கிற பிள்ளை. இரவில் நித்திரை இல்லை. ஓ.எல். (சாதாரண தரம்) படித்த காலத்திலிருந்தே கஞ்சா என்பது அப்புறம்தான், குரலைத் தாழ்த்தி, வந்தது.

செய்வினை என்று யாரோ சொல்லி முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் டொக்டரிடம் காட்டச் சொன்னால், "அங்கொடை மனநல ஆஸ்பத்திரி என்று பெயர் வந்தால் தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்குமா மிஸ்?" என்கிறார். நித்திரைக் குளிசைதான் கேட்டார். சீட்டு இல்லாமல் அதை நான் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் அந்தச் சந்தேகம் போகாது.

கஞ்சா மூலிகைதானே, ஆயுர்வேதத்திலும் சேர்க்கிறார்களே என்று பையன்கள் வாதாடுவார்கள். குடிக்கிற எல்லோருக்கும் புத்தி பேதலிப்பதில்லை, சரி. ஆனால் சுவீடனில் இராணுவத்துக்கு எடுக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞரை 15 வருடம் கவனித்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு என்ற கடும் மனநோய் வரும் வாய்ப்பு கஞ்சா எடுக்காதவர்களைவிட 6 மடங்காக இருந்தது. பதின்ம வயதில் தொடங்குவது, தினமும் எடுப்பது, வீரியம் கூடிய சரக்கு, குடும்பத்தில் ஏற்கெனவே இந்த நோய் இருப்பது, இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். சிகிச்சை எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவுக்குத் தேறுவதும் கடினம்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த கிலோ செய்தியின் கீழ், நித்திரையின்மை, காரணமில்லாத சந்தேகம், யாரும் இல்லாமல் குரல் கேட்பது என்று அறிகுறிகளை இரண்டு வரியில் போடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும், அரச வைத்தியசாலை மனநல கிளினிக்குகளில் காசு வாங்குவதில்லை என்பதையும் சேருங்கள். இடம் போதாவிட்டால் இராசிபலனில் கொஞ்சம் குறைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளர்,
கொழும்பு 13