நெட்வொர்க் டிஸ்க் வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஸ்டுடியோ நடத்தும் ஒருவர், நெட்வொர்க் டிஸ்க்கை (ரவுட்டரோடு இணைத்து, கம்ப்யூட்டர்களிலிருந்து ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். மின்சாரம் கொடுத்ததும் டிக் டிக் என்ற சத்தம்தான் வந்தது. "கம்ப்யூட்டரில் இருக்குமே?" என்றோம். "இடம் பத்தலைன்னு எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டு, அங்கே அழிச்சிட்டேன்" என்றார். இரண்டு வருடக் கல்யாணப் படங்கள். எங்களுக்கும் மனசு கேட்கவில்லை. விற்கும்போதே இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ஒரே ஃபைல் இரண்டு இடங்களில் இருந்தால்தான் அது பேக்கப். ரவுட்டர் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு மாற்றி வைப்பது, இடம் மாற்றுவது மட்டுமே. இரண்டு டிஸ்க் போட்டு, ஒரே ஃபைலை இரண்டிலும் எழுதும் ரெய்டு பெட்டி வைத்திருப்பவர்களும் கவனிக்கவும். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே போய்விடும்.

அப்புறம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற அப்படியொரு வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். இந்த வகை வைரஸ் கம்ப்யூட்டருக்குள் வந்தால், 'இசட் டிரைவ்' என்று எப்போதும் திறந்து கிடக்கும் நெட்வொர்க் ஃபோல்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவே பேக்கப் ஃபோல்டரை டிரைவாக இணைத்து வைக்காதீர்கள். அதற்கென்று பெட்டியில் தனி யூசர், தனி பாஸ்வேர்டு உருவாக்கி, பேக்கப் மென்பொருளில் மட்டும் அதைக் கொடுங்கள். பெட்டியில் ஸ்னாப்ஷாட் வசதி (ஃபைல்களின் பழைய நிலையைப் பதிந்து வைப்பது) இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

"ராத்திரி முழுக்க ஓடியும் முடியலை" என்று பலர் போன் செய்கிறீர்கள். முதல் பேக்கப்பை வைஃபையில் எடுக்க வேண்டாம், லேன் கேபிள் போடுங்கள். கேபிள் முனையைப் பாருங்கள்: எட்டுக் கம்பிகளும் இருக்க வேண்டும். நான்கு மட்டும் இருந்தால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 500 ஜிபி ஏறப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டும் இருந்து, ரவுட்டரும் ஜிகாபிட் என்றால் பெரிய ஃபைல்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த நாளிலிருந்து மாறியவை மட்டும்தான் போகும், அதற்கு வைஃபை போதும்.

பெட்டியை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது டிஸ்க்குக்கு ஆகாது.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு படத்தையோ பில்லையோ வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே கடைக்கு வாருங்கள். கம்ப்யூட்டரில் அசல் இருக்கும்போதே சரி செய்துவிடலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் கடையிலிருந்து