அமெரிக்காவோட ஜார்ஜியா மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்கு: மொதல்ல துப்பாக்கி இருக்கற பீரோவ பூட்டச் சொல்லுங்க

மதிப்புக்குரிய உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இத தமிழ்ல எழுதுறதுக்கு ஒரே காரணம், இங்கிலீஷ்ல எழுதினதுக்கு எங்க ஏரியா மெம்பர் ஆபீஸ்ல இருந்து வந்த பதில். அனுப்புன கையோட வந்துருச்சு, கருத்துக்கு ரொம்ப நன்றின்னு நாலு வரி, மெஷின் போட்ட பதில். எப்படியும் படிக்கப்போறது இல்ல, அப்புறம் எந்த பாஷைல எழுதினா என்ன? கம்மிங், ஜான்ஸ் க்ரீக், ஆல்ஃபரெட்டா பக்கம் ஓட்டுரிமை இருக்கற நம்ம ஜனங்களாவது படிக்கட்டும்.

போன வாரம் எங்க பசங்க ஸ்கூல்ல லாக்டவுன், அதாவது கதவ பூட்டி லைட்ட அணைச்சி பசங்கள மூலைல ஒளிய வைக்கறது. எவனோ ஒருத்தன் துப்பாக்கி படத்தோட ஒரு மிரட்டல் போஸ்ட் போட்டிருக்கான், கடைசில வெளாட்டுக்கு போட்டதுன்னு தெரிஞ்சுது, பயப்பட ஒன்னும் இல்லன்னு மெயிலும் வந்துச்சு. அது வர்ற வரைக்கும் நாங்க எல்லாம் ஆபீஸ் மீட்டிங்ல மூஞ்சிய சாதாரணமா வச்சிக்கிட்டு மேஜைக்கு கீழ வாட்ஸ்அப் க்ரூப்ப பாத்துக்கிட்டு இருந்தோம். விண்டர் ஊரு இங்கேருந்து ஒரு மணி நேர டிரைவ். அங்க இருக்கற அபலாச்சி ஸ்கூல்ல 2024 செப்டம்பர் 4ஆம் தேதி என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அங்க படிச்ச பையன் ஒருத்தன் சுட்டதுல ரெண்டு பசங்க, ரெண்டு டீச்சர் செத்தாங்க, நீங்களும் இரங்கல் சொன்னீங்க.

நான் சொல்ல வந்தது வேற. என் சின்னவ ஒன்னாங்கிளாஸ் படிக்கிறா. லாக்டவுன் அன்னைக்கு ராத்திரி தோசைய பிச்சி போட்டுக்கிட்டே சொல்றா, கிளாஸ்ல ஒரு பையன அவளுக்கு சுத்தமா புடிக்கலயாம். ஏண்டி, அடிச்சானான்னு கேட்டேன். இல்லயாம். அவனுக்கு சத்தம் போடாம இருக்க தெரியாதாம். ஆட்டிசம் இருக்கற பையன், எனக்கும் தெரியும், நல்ல புள்ள. லைட்ட அணைச்சா கத்துவான், எல்லாரும் ஒரே மூலைல நெருக்கியடிச்சி உக்காந்தா இன்னும் கத்துவான். டீச்சர் அவன மடில வச்சி லாலிபாப் குடுத்து பாக்குறாங்க, அப்பவும் முனகல் நிக்காது. "அவன் கத்துனா நாங்க எங்க இருக்கோம்னு கெட்டவனுக்கு தெரிஞ்சிரும்ல மா, அவன வேற கிளாஸ்ல போடச் சொல்லு மா"ங்குறா. வயசு ஆறு.

கெட்டவன் வருவானான்னு கேட்டா சொல்றதுக்கு எங்க கிட்ட பதில் இருக்கு, எல்லா அப்பா அம்மாவும் ஒன்னு தயாரா வச்சிருப்போம். இதுக்கு இல்ல. பக்கத்துல உக்காந்து கலர் பென்சில் ஷேர் பண்ற பையன என் பொண்ணு ஆபத்துன்னு கணக்கு போடுறா, அந்த கணக்கு தப்புன்னும் என்னால சொல்ல முடியல, ஏன்னா ஒளியறதுக்கு ஸ்கூல்ல வைக்கற பயிற்சி, அந்த டிரில்ல சொல்லிக் குடுக்கறதே அதத்தான், சத்தம் வந்தா மாட்டிக்குவோம்னு. டிரில் எப்பன்னு முன்னாடியே சொன்னா அன்னைக்கு வீட்ல வச்சிக்கறேன்னு அந்தப் பையனோட அம்மா ஸ்கூல்ல கேட்டுப் பாத்தாங்க, அப்படி சொல்ற வழக்கம் இல்லயாம். போன வாரம் லாக்டவுன் முடிஞ்சதும் அவங்க கிளாஸ் க்ரூப்ல மன்னிப்பு கேட்டு மெசேஜ் போட்டாங்க, தன் புள்ள சத்தம் போட்டதுக்கு. நாங்க எல்லாம் ஹார்ட் போட்டோம், பரவால்லன்னு போட்டோம். உங்கள்ல ஒருத்தராவது அந்த மெசேஜ படிச்சிருக்கணும். மன்னிப்பு கேக்க வேண்டியவங்க லிஸ்ட்ல அந்தம்மா எங்க வர்றாங்க?

நாங்க கேக்கறது ஒன்னே ஒன்னு. கொழந்தைங்க இருக்கற வீட்ல துப்பாக்கிய பூட்டி வைக்கணும்னு ஒரு சட்டம்.

ஏன் இது மட்டும்னா, இந்த மாதிரி சம்பவத்த எல்லாம் உக்காந்து ஆராய்ச்சி பண்ணது ஒன்னும் என்ன மாதிரி வாட்ஸ்அப் அம்மாக்கள் இல்ல, ஜனாதிபதிக்கே காவல் நிக்கிற சீக்ரெட் சர்வீஸ். 2008ல இருந்து 2017 வரைக்கும் நடந்த 41 ஸ்கூல் தாக்குதல எடுத்து பாத்து 2019ல அறிக்கை குடுத்தாங்க. துப்பாக்கியால நடந்த தாக்குதல்ல முக்கால்வாசில ஆயுதம் வந்தது அப்பா அம்மா வீட்ல இருந்து, இல்லன்னா நெருங்குன சொந்தக்காரங்க வீட்ல இருந்து. நெறைய துப்பாக்கி பூட்டாமயே கெடந்திருக்கு. இன்னொன்னும் சொல்றாங்க, எவனும் திடீர்னு ஒரு நாள் கிறுக்கு புடிச்சி கெளம்பல. ரொம்ப நாள் புழுங்கியிருக்கான், பெரும்பாலும் மத்த பசங்க கிட்ட அடியும் கேலியும் வாங்கியிருக்கான், அவன் நடத்தைய பாத்து சுத்தி இருந்தவங்களுக்கு ஒரு உறுத்தல் இருந்திருக்கு, முக்காவாசி பேர் முன்னாடியே யார் கிட்டயாவது வாய விட்டிருக்காங்க. அதாவது தடுக்கறதுக்கு நேரம் இருந்திருக்கு. அவங்க ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டதே அந்தந்த ஸ்கூல்ல படிச்சிக்கிட்டு இருந்தவனோ கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் படிச்சவனோ நடத்துன தாக்குதலதான். எந்த மூலைல எப்படி ஒளியணும்னு என் பொண்ணுக்கு கத்துக்குடுக்கற டிரில்ல அவனும்தான உக்காந்து கத்துக்கறான்?

அபலாச்சியவே எடுத்துக்கங்க. 2023 மே மாசம் எஃப்பிஐக்கு தகவல் போகுது, ஆன்லைன்ல ஒருத்தன் ஸ்கூல்ல சுடுவேன்னு எழுதியிருக்கான்னு. ஜாக்சன் கவுண்டி போலீஸ் அந்த வீட்டுக்கே போய் விசாரிக்கிறாங்க. பையனுக்கு அப்ப 13 வயசு, நான் எழுதலங்குறான். வீட்ல வேட்டை துப்பாக்கி இருக்கு, ஆனா அவன தனியா தொட விடமாட்டோம்னு அப்பா சொல்றார். கேஸ் முடிஞ்சிருச்சு. அந்த வருசம் கிறிஸ்மஸுக்கு அந்த அப்பாவே பையனுக்கு ரைஃபிள் கிஃப்ட் வாங்கிக் குடுத்தார்னு பின்னாடி அதிகாரிங்க சொன்னாங்க. அத சார்ட் பேப்பர் சுத்தி ஸ்கூல் பையில மறைச்சி எடுத்துட்டு போனான். அப்புறம் அப்பா மேலயும் கொலை வழக்கு போட்டாங்க. நாலு பேர் போனதுக்கு அப்புறம். அன்னைக்கு வீட்டு வாசல்ல நின்ன போலீஸ்காரர் கைல, பூட்டி வச்சிருக்கியா காட்டுன்னு கேக்கறதுக்கு ஒரு சட்டம் இருந்திருந்தா? அவர் கைல ஒன்னும் இல்லயே, அவர என்ன சொல்றது.

மிச்சிகன்ல ஆக்ஸ்ஃபோர்டு ஸ்கூல்லயும் இதே கதைதான், 2021ல, அப்பா வாங்கி நாலே நாள் ஆன துப்பாக்கி, நாலு பசங்க. அங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் 10ல இருந்து 15 வருசம் ஜெயில். ஆனா மிச்சிகன் அதோட நிக்கல, பூட்டி வைக்கச் சொல்லி 2023ல சட்டம் போட்டாங்க, 2024 பிப்ரவரில இருந்து அமல்ல இருக்கு. அங்க யாரு வீட்லயும் புகுந்து துப்பாக்கிய புடுங்கல. வேட்டைக்கு போறவன் இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கான்.

நீங்க ஒன்னுமே பண்ணலன்னு சொன்னா அது பொய். 2025ல ஒரு சட்டம் கொண்டு வந்தீங்க, பசங்க ஸ்கூல் மாறுனா ரெக்கார்டு சீக்கிரம் போய் சேரணும், டீச்சர் கைல அலாரம் பட்டன் இருக்கணும்னு. நல்லது, நன்றி, உண்மையாவே சொல்றேன், அபலாச்சில அந்த பட்டன் அடையாள அட்டையிலயே இருந்ததாலதான் போலீஸ் அவ்வளவு வேகமா வந்துச்சு. ஆனா பட்டன அமுக்குற நேரத்துல துப்பாக்கி கிளாஸ் வாசலுக்கு வந்துருச்சே. ஜான்ஸ் க்ரீக் மெம்பர் மிஷெல் ஆ, அவங்க ஒரு டாக்டர், இதே பூட்டுற சட்டத்த 2023லயே கொண்டு வந்தாங்க. ஒரு தடவ கமிட்டில விசாரிச்சீங்க. ஓட்டுக்கு விடல. 2025ல திரும்ப கொண்டு வந்தாங்க. வேணாம்னா வேணாம்னு ஓட்டு போட்டு தோக்கடிக்கவாவது செய்யலாம்ல, யாரு வேணாம்னு சொன்னாங்கன்னு எங்களுக்கு தெரியும்.

எங்க கிட்ட மட்டும் சட்டம் நல்லா பேசும். எட்டு வயசுக்கு கீழ இருக்கற கொழந்தைய சீட் இல்லாம கார்ல உக்கார வச்சா ஜார்ஜியா போலீஸ் ஃபைன் போடுவாங்க. அதே கார்ல கைக்கெட்டுற எடத்துல லோடு பண்ண துப்பாக்கி கெடந்தா பூட்டுன்னு சொல்ல ஒரு வரி சட்டம் இல்ல. 2020ல இருந்து இந்த நாட்டுல ஒரு வயசு தாண்டுன கொழந்தைங்க, டீனேஜ் பசங்க சாவுக்கு மொதல் காரணமே துப்பாக்கிதான், கார் விபத்த தாண்டிருச்சு. பக்கத்துல டென்னசி இருக்காங்க, நாஷ்வில்ல ஸ்கூல்ல மூணு சின்ன புள்ளைங்க மூணு பெரியவங்க செத்து ஒரு வருசம் ஆனதும் கண்டுபுடிச்ச தீர்வு என்னன்னா டீச்சரும் துப்பாக்கி எடுத்துட்டு வரலாங்கறது. லாலிபாப் வச்சிருக்கற கைல அதயும் குடுத்துருங்க. துப்பாக்கி அதிகமானா பாதுகாப்பு அதிகம்னு இன்னும் யாராவது நம்புனா, டெக்சாஸ்ல யுவால்டி ஸ்கூல்ல ஒருத்தன் சுட்ட அன்னைக்கு 376 போலீஸ் வந்து சேந்தாங்க. அவன நிறுத்த 77 நிமிசம் ஆச்சு.

நம்ம ஆளுங்க கிட்டயும் ஒரு வார்த்த. நகை திருட்டு பயத்துல நம்மள்லயே சிலர் வாங்கி வச்சிருக்கோம், தெரியும். வளையல லாக்கர்ல வச்சிட்டு துப்பாக்கிய மெத்தைக்கு கீழ வைக்காதீங்க. உங்க வீட்டுக்கு வெளாட வர்ற புள்ளையோட அம்மா வாசல்ல நின்னு தயங்குனா எத கேக்க வர்றாங்கன்னு புரிஞ்சிக்கிட்டு நீங்களே சொல்லிருங்க.

கோவத்துல ரெண்டு வார்த்த கூட போயிருக்கும், பெரியவங்க மன்னிக்கணும். வருசத்துக்கு 40 நாள் சபை கூடுறீங்க, அடுத்து ஜனவரில கூடும்போது அந்த மாதிரி பில்ல கமிட்டியோட நிறுத்தாம ஓட்டுக்கு விடுங்க. பெரியவங்க கைல இருக்கறப்ப பூட்ட வேணாம், கைல இல்லாதப்ப பூட்டுங்கன்னுதான் கேக்கறோம். விசாரணை வச்சா தேதிய சொல்லுங்க, லீவு போட்டுட்டு அட்லாண்டா வந்து பேச நாங்க சில அம்மாக்கள் தயார். அந்தப் பையனோட அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

தயவு செஞ்சு இந்த தடவ பதில மனுசங்க யாராவது எழுதுங்க. இங்கிலீஷ்லயே எழுதலாம்.

இப்படிக்கு,
ஆல்ஃபரெட்டா பக்கத்துல இருந்து ஒரு அம்மா