சாம்பல் மேட்டு மண்ணும் எங்கள் கேரட்டும்: மலைக்கு உரம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டிய சரிவில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு என்று மாற்றி மாற்றிப் போடுகிற சிறு விவசாயி நான். மனு கொடுத்தால் முதலில் எந்த மேசைக்குப் போகும் என்று தெரிகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்றுதான் தெரிவதில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் தோட்டத்து மண்ணைப் பரிசோதித்த முடிவு, விதைப்புக்கு முன்னால் எங்கள் கைக்கு வர வேண்டும். அந்த முடிவு சொல்கிற உரம் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக் கிடங்கில் இருக்க வேண்டும்.

போன வாரம் உர லாரி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சங்கத்துக்குப் போனோம். கேரட்டுக்கு மேலுரம் வைக்க வேண்டிய நேரம். பொட்டாஷ், அதாவது சாம்பல்சத்து உரம் கேட்டேன். அங்கே இருந்த தம்பி என் சர்வே நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, உங்க மண்வள அட்டையில சாம்பல்சத்து அதிகம்னு இருக்கு. உங்களுக்குப் பொட்டாஷ் தேவைப்படாது. வேணும்னா யூரியா தரேன்” என்றார். யூரியா வாங்கினால் கூடவே ஒரு பாட்டில் நானோ யூரியாவும் (இலையில் தெளிக்கிற திரவ யூரியா) ஒரு நுண்ணூட்டப் பொட்டலமும் வாங்கியாக வேண்டுமாம். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. திரையில் இருந்ததைத்தான் படித்தார்.

மண்வள அட்டை என்பது மண்ணைப் பரிசோதித்த முடிவையும் உரப் பரிந்துரையையும் எழுதி அரசு தருகிற அட்டை. அந்த அட்டைக்கு மண் எடுத்த இடம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜீப் நின்ற இடம். அங்கே சாலையோரத்தில் ஒரு மேடு இருக்கிறது. சுற்றியுள்ள வீடுகளின் விறகடுப்புச் சாம்பலை வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. அதன் ஓரத்தில் மேலாகச் சுரண்டி ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்கள். விறகுச் சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்புச் சத்தும் இருக்கும் என்பது அடுப்பு எரித்த பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும், அதைச் செடிக்குப் போட்டு வளர்த்தவர்கள் அவர்கள். ஆக அட்டையில் என்ன வந்தது? சாம்பல்சத்து அதிகம், கார அமிலத் தன்மை ஏறக்குறைய 7, அதாவது நடுநிலை. அமிலத்துக்குப் பேர்போன இந்த மலை மண்ணில், மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டே போகிற இந்தச் சரிவில், நடுநிலை! ஆய்வகம் தப்புச் செய்யவில்லை ஐயா. அது சாம்பல் மேட்டைச் சரியாகத்தான் பரிசோதித்திருக்கிறது.

மாதிரி எடுக்கும் முறை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரப்போரம், மரத்தடி, எருக் குவித்த இடம் எல்லாம் தவிர்த்து, தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பல இடத்தில், ஆங்கில வி எழுத்து மாதிரி குழி வெட்டி, அரையடி ஆழம் வரை சீவி எடுத்து, கலந்து, கால் பாகம் கால் பாகமாகக் கழித்து, கடைசியில் அரைக் கிலோ. உங்கள் துண்டுப் பிரசுரத்திலேயே படம் போட்டு இருக்கிறது. படம் நன்றாக இருக்கிறது.

சரி, முறையாகவே எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2015-இல் மண்வள அட்டைத் திட்டம் வந்தபோது வகுத்த கணக்கு, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பாசன நிலமானால் இரண்டரை ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி, மானாவாரியானால் 10 ஹெக்டேருக்கு ஒன்று. சமவெளியில் கண்ணுக்கெட்டிய வரை ஒரே வண்டல் இருக்கிற ஊரில் இது ஓரளவு பொருந்தலாம். இங்கே 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் என்றால், உச்சியில் தேயிலை, நடுச்சரிவில் செம்மண்ணில் கேரட், கீழே ஓடைக்கரையில் கறுத்த சதுப்பு மண்ணில் பூண்டு. மேலே இருக்கிறவருக்கும் கீழே இருக்கிறவருக்கும் ஒரே எண், ஒரே பரிந்துரை. ஊருக்கே ஒரே பவர் கண்ணாடியை மாட்டிவிட்டு, இனி எல்லோரும் படிக்கலாம் என்பது போல இருக்கிறது.

இதனால் என்ன ஆனது என்று ஒரே ஒரு தோட்டத்தைச் சொல்கிறேன். என் தோட்டம் இல்லை, பக்கத்தில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிற அக்காவுடையது. கணவர் இல்லை. கம்மலை அடகு வைத்து விதை வாங்கியவர். போன போகத்தில் அவருக்கும் இதே பதில்தான் சொல்லப்பட்டது, ஏனென்றால் அவருடைய நிலமும் அந்தச் சாம்பல் மேட்டின் கட்டத்துக்குள் வருகிறது. மண் வேலை செய்து தேய்ந்த கட்டைவிரலை ரேகை மெஷினில் வைத்து வைத்துப் பார்த்து, துடைத்து, மறுபடி வைத்து, ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தபோது அவருக்குக் கிடைத்தது யூரியா மட்டும். இருந்ததைப் போட்டார். பயிருக்குப் பசி, கையில் இருப்பது இது, வேறென்ன செய்வது?

தழை வந்தது பாருங்கள், சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முழங்காலைத் தாண்டி, கரும்பச்சையாக. அக்காவே சந்தோஷப்பட்டார். அறுவடையன்று நள்ளிரவில் ஆட்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பிடுங்கினார்கள். மூட்டைகள் கழுவும் இடத்துக்குப் போயின. அந்த மெஷின் உருளையில் சேறு போய்க் கேரட் வெளியே வந்து விழும்போதுதான் உண்மை தெரியும். சுண்டுவிரல் தடிமனுக்கு மேல் பருக்காதவை, நெடுக வெடித்தவை, உடம்பெல்லாம் சல்லிவேர் முளைத்தவை. வியாபாரி ஒன்றும் திட்டவில்லை. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கழிசல் பக்கம் தள்ளினார். மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏறியது கொஞ்சம்தான். மிச்சம் மாட்டுக்குப் போனது. அக்கா அங்கேயே ஒரு காலி மூட்டையை மடித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

வெடிப்புக்குத் தண்ணீர்ப் பாய்ச்சல் காரணமாக இருக்கலாம், சல்லிவேருக்கு மட்காத எரு காரணமாக இருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் யூரியா தருகிற தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் ஏறினால் இலை கொழுக்கும், இலை செய்த மாவை இறக்கிக் கிழங்கைத் திரட்டுவதில் சாம்பல்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று பயிற்சி முகாமில் எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீங்கள்தான். டீயும் பிஸ்கெட்டும் கொடுத்து எடுத்தீர்கள். பாடம் மனதில் இருக்கிறது, பொட்டாஷ்தான் இல்லை.

இப்போது சுண்ணாம்புக்கு வருகிறேன், ஏனென்றால் மலையில் உரத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அமிலம் கூடிய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்கின்றன. மூட்டை மூட்டையாகப் போட்டாலும் வேருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். மலை உருளைக்கிழங்குக்குப் பரிந்துரை என்ன? ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240, சாம்பல்சத்து 120. மணிச்சத்து மட்டும் ஏன் இரண்டு மடங்கு? பாதிக்கு மேல் மண்ணே விழுங்கிவிடும் என்பதால்தானே. அதற்கு ஏக்கருக்கு நாலு மூட்டைக்கு மேல் டி.ஏ.பி. என்கிற மணிச்சத்து உரம் ஆகிறது. மூட்டை 1350 ரூபாய். நாங்கள் மண்ணுக்குப் பாதி, செடிக்குப் பாதி என்று பங்கு வைக்கிறோம்.

இதில் இன்னொரு கூத்து. நாம் போடுகிற உரமே மண்ணில் அமிலத்தை ஏற்றுகிறது. 100 கிலோ அமோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புத்தூள் வேண்டும், யூரியாவானால் ஏறத்தாழ 80. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது, மானியத்தால். அமிலத்தை முறிக்கிற டோலமைட்டை, அதாவது ஒருவகைச் சுண்ணாம்புக்கல் தூளை, எங்கள் சங்கக் கிடங்கில் நான் பார்த்ததே இல்லை. கீழிருந்து வாடகை கொடுத்து வரவழைக்கிறோம். அமிலத்தை ஏற்ற மானியம், இறக்க எங்கள் சொந்தக் காசு.

டோலமைட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்ட முடியாது. முட்டைக்கோசில் வேர்முடிச்சு நோய் வராமல் இருக்க அமிலம் குறைய வேண்டும். அதே இடத்தில் அடுத்த போகம் உருளைக்கிழங்கு வைத்தால், சுண்ணாம்பு கூடிய மண்ணில் கிழங்கின் தோலில் சொறி கிளம்பும். எவ்வளவு போடுவது என்பதை எண்தான் சொல்ல வேண்டும். அதுவும் நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டு மண்ணில் கலக்க வேண்டும். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் பறந்துவிடும். அதனால்தான் விதைப்புக்கு முன்னால், முன்னால் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சாம்பல் மேட்டின் அட்டை என் கைக்கு வந்தபோது கிழங்கு மேட்டுப்பாளையத்தில் விற்று முடிந்திருந்தது.

நானோ யூரியா பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தலையில் கட்டிய பாட்டிலில் தழைச்சத்து 4 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம். ஒரு யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல். அது இலை வழியாகப் போகும், குறைவாக இருந்தாலே போதும் என்று விளக்கம் சொல்கிறார்கள். இருக்கட்டும். இலையில் தெளிக்க இலை காய்ந்திருக்க வேண்டுமே? தென்மேற்குப் பருவத்தில் இந்தச் சரிவில் பகல் பன்னிரண்டு மணிக்கும் மஞ்சு விலகுவதில்லை. தெளித்தால் சாயங்காலத்துக்குள் ஓடைக்குப் போய்ச் சேரும். வேண்டும் என்கிறவர் வாங்கட்டும், வேண்டாம் என்கிறவர் தலையில் கட்டாதீர்கள். மானிய உரத்தோடு வேறு பொருளைச் சேர்த்து விற்கக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்துகொண்டுதான் இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இல் வந்தது. கையிருப்பையும் விலையையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்கள் சங்கத்துப் பலகையில் எழுதிய சாக்பீஸ் எழுத்து எந்த வருஷத்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

போன மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி முடிந்தது. கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சியும் முடிந்தது. வருஷா வருஷம் மே மாதம் வந்தால் அத்தனை ஆயிரம் தொட்டிகளிலும் பூ சொல்லி வைத்தாற்போலப் பூக்கிறது. அந்தச் செடிகளுக்கு எந்தக் கிழமை எந்தச் சத்து என்று யாருக்கோ துல்லியமாகத் தெரிந்திருக்கிறது, அந்த உரமும் நேரத்துக்கு வந்திருக்கிறது. அங்கே கேரட்டில் மிருகம் செய்து வைப்பதைச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். எங்கள் அக்காவின் இரண்டு கால், மூன்று கால் கேரட்டைக் கேட்டிருந்தால் மிருகம் செய்ய வெட்டவே வேண்டியிருந்திருக்காது. மலையைக் காட்சிக்கு வைக்க இவ்வளவு அக்கறை, மலையில் விளைவிக்கிறவனுக்கு ஒரு சீட்டு கொடுக்க மட்டும்...

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்களிலும் மழையில் நனைந்துகொண்டு தோட்டத்துக்குள் இறங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நாங்கள் அறிவோம். ஆள் பற்றாக்குறை என்பதும் தெரியும். ஆகவே தாழ்மையோடு கேட்கிறேன். எங்கள் மண்ணை நாங்களே முறைப்படி எடுத்துத் தருகிறோம். நிழலில் உலர்த்தி, சலித்து, துணிப்பையில் கட்டி, தோட்டத்தின் அடையாளமும் முன் பயிரும் அடுத்த பயிரும் எழுதி ஒப்படைக்கிறோம். தேயிலைக்குத் தனி, கேரட்டுக்குத் தனி, ஓடைக்கரைக்குத் தனி. கொடுக்க வேண்டிய நாளையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள். அந்தச் சாம்பல் மேட்டு அட்டையை ரத்து செய்து, அந்தக் கட்டத்துக்குள் வருகிற எல்லோருக்கும் பொட்டாஷ் கிடைக்கச் செய்யுங்கள். டோலமைட்டை மற்ற உரத்துக்கு முன்னால் கிடங்கில் இறக்குங்கள்.

கடைபோகத்துக்கு ஆகஸ்ட்டில் மண்ணைக் கிளறுவோம். ஜூலை நடுவில் முடிவு வந்தால் டோலமைட் போட நேரம் இருக்கும். வழுவழு அட்டையில் கலர் படத்தோடு வர வேண்டும் என்பதில்லை. வெள்ளைத் தாளில் எங்கள் மண்ணின் எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
கேத்திப் பள்ளத்தாக்குச் சரிவிலிருந்து ஒரு கேரட் விவசாயி