சட்டைப்பைக்குள் ஒரு கருவிப்பெட்டி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் யாவரும் நலமே. ரயில் பயணத்தில் மூக்குக்கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட, ஊர் திரும்பும் வரை மூன்று நாட்களும் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே படித்ததாக எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகளில் உன்னிடம் ஒருமுறைகூட இதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது.

பதினெட்டு ஆண்டுகளாக நான் ஒரு சுவிஸ் மடக்குக் கத்தியை உடன் வைத்திருக்கிறேன். மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கத்தி, கத்தரிக்கோல், டப்பா திறப்பான், ஸ்க்ரூடிரைவர், குத்தூசி, முள் எடுக்கும் சாமணம் எல்லாம் அதற்குள் உண்டு. புட்டியின் தக்கையை இழுப்பதற்கான சுருள்கம்பியும் உண்டு. அந்த வேலைக்கு நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை. ஆனால் அந்தச் சுருளுக்குள் தீக்குச்சியைவிட மெல்லிய ஒரு ஸ்க்ரூடிரைவரைத் திருகி வைத்திருக்கிறேன். கழன்ற திருகாணி உன் கைவசம் இருந்திருந்தால், உன் கண்ணாடியை அது ஒரு நிமிடத்தில் சரிசெய்திருக்கும்.

வீட்டில்தான் கருவிப்பெட்டி இருக்கிறதே என்று நீ கேட்கலாம். என்னிடமும் இருக்கிறது. ஆனால் பழுது கண்ணில் படும் நேரத்தில் அந்தப் பெட்டி பக்கத்தில் இருப்பதில்லை. அலமாரிக் கதவின் கைப்பிடி ஆடுவதைப் பார்க்கிறோம், பிறகு முறுக்கிக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிடுகிறோம். அப்படியே சில வாரங்கள் போனபின் திருகாணி விழுந்து, மரத்தில் துளையும் பெரிதாகி, அரை நிமிட வேலை தச்சரை அழைக்கும் வேலையாகிவிடுகிறது. கருவி கையிலேயே இருந்தால் பார்த்த கணத்திலேயே முறுக்கிவிடுகிறோம். இந்தக் கத்தி எனக்குச் செய்த பெரிய உதவி இதுதான். பார்சல் பிரிப்பது, நூல் நறுக்குவது, இடுப்புப் பட்டையில் இன்னொரு துளை போடுவது ஆகியவற்றை நான் கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை. பேரனின் விரலில் தைத்த மரச்சிராயை, அவன் அழுது முடிப்பதற்குள் சாமணத்தால் எடுத்த நாளை மட்டும் மறக்க முடியவில்லை.

இது முதலில் படைவீரனுக்காகப் பிறந்த பொருள். சுவிஸ் படைக்கு 1889-இல் வந்த புதிய துப்பாக்கியைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டியிருந்தது. டப்பாவில் அடைத்த உணவைத் திறக்கவும் ஏதாவது வேண்டியிருந்தது. முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தே வந்தன. சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸ்னர், 1891 முதல் அவற்றைத் தம் நாட்டிலேயே செய்து படைக்குக் கொடுத்தார். 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியில், பிடியின் இருபுறமும் உள்ள கருவிகளை ஒரே ஸ்பிரிங் தாங்கி நிற்கும்படி அமைத்தார். கனம் கூடாமல் கருவிகள் கூடியது அதனால்தான். என் கத்தியைத் திறக்கும்போது கேட்கும் அந்த அழுத்தமான ஒலியில் அவருடைய திறமையை இன்றும் உணர்கிறேன்.

குறடு உள்ள வகையும் உண்டு. டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் 1975-இல் ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, தம் கத்தியில் குறடு இல்லையே என்று பலமுறை தவித்ததன் பயனாக உருவானது அது; 1983-இல் விற்பனைக்கு வந்தது. நீ நாள்தோறும் மிதிவண்டி ஓட்டுகிறாய் என்பதால் அதுவும் உனக்குப் பயன்படும். ஆயினும் கனமான கருவியை நாலு நாளில் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவோம் என்பது என் அனுபவம். ஆகவே முதலில் சிறியதையே வாங்கு.

இரண்டு எச்சரிக்கைகள். இவ்வகைக் கத்திகள் பலவற்றில் அலகைப் பூட்டும் அமைப்பு இல்லை. ஸ்பிரிங் மட்டுமே பிடித்திருக்கும். நான் ஒருமுறை கெட்டியான அட்டைப்பெட்டியை நுனியால் குத்தியபோது, அலகு மடங்கி என் ஆள்காட்டி விரலை ஆழமாக வெட்டிவிட்டது. அறுக்க மட்டுமே பயன்படுத்து, குத்தாதே. விமானத்தில் போகும்போது கைப்பையில் வைக்காமல், சரக்கில் ஏற்றும் பெட்டியில் வைத்துவிடு. மறந்துபோய் என் முதல் கத்தியைச் சோதனை வாயிலிலேயே விட்டுவிட்டு வந்தேன், அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. மற்றபடி, அழுக்குச் சேர்ந்தால் வெந்நீரில் கழுவித் துடைத்து, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

அடுத்த மாதம் நீ இங்கு வரும்போது என் கத்தியைக் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார். உனக்கு எது பொருந்தும் என்று சேர்ந்தே முடிவு செய்வோம். பழைய கண்ணாடியையும் மறவாமல் எடுத்து வா. ஒரு பக்கத் திருகாணி கழன்றிருக்கிறது என்றால் மறுபக்கமும் தளர்ந்திருக்கக்கூடும். இரண்டையும் முறுக்கித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்