ரைவல்னா வாய்க்கால் பங்காளி

பாப்பா,

நேத்து போன்ல அந்த ஆபீஸ் பொண்ணப் பத்தி பேசும்போது "அவ என் ரைவல்ப்பா"ன்னு நாலு தடவ சொன்ன. அப்ப நான் ஒண்ணும் சொல்லல, போன வச்சதும் பழைய டிக்‌ஷனரிய எடுத்துட்டேன், ரிட்டயர் ஆன இங்கிலீஷ் வாத்தியாருக்கு வேற என்ன வேல.

ரைவல், அதான் போட்டிக்காரங்க, லத்தீன்லேர்ந்து வந்த வார்த்த. ரீவுஸ்னா ஓடை, வாய்க்கால். ஒரே வாய்க்கால்லேர்ந்து தண்ணி பாய்ச்சிக்கிறவங்கதான் ரிவாலேஸ். சும்மா கட்டுக்கதன்னு நெனைக்காத, ரோமாபுரி சட்டத்துலயே இருக்கு. மூணாம் நூற்றாண்டுல உல்பியன்னு ஒரு சட்ட நிபுணர் எழுதுனது, 533ல ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட டைஜெஸ்ட்ங்கற சட்டத் தொகுப்புல சேந்துச்சு. அதுல தினசரி தண்ணி, கோடைத் தண்ணின்னே தனித் தலைப்பு வச்சிருக்காங்க பாத்துக்க! ஒரே வாய்க்கால்காரங்க ரெண்டு பேரும் பாத்தியம் எனக்குத்தான்னு மல்லுக்கு நின்னா, ரெண்டு பேருமே உத்தரவு கேக்கலாமாம்.

உல்பியனுக்கு நானூறு வருஷம் முன்னாடியே ப்ளாட்டஸ்னு ஒரு ரோமாபுரி நாடகக்காரன் தன் நாடகத்துல ஒரே பொண்ண விரும்புற ஆளுங்களுக்கு இந்த வார்த்தையப் போட்டுட்டான், ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துல மொத காட்சியில பெர்னார்டோங்கற காவக்காரன் தன்கூட காவல் காக்க வர்றவங்களயே ரைவல்ஸ்னுதான் சொல்வான், அங்க அதுக்கு கூட்டாளின்னு அர்த்தம்.

ரிவரும் இதுலேர்ந்து வந்ததுன்னு கிளாஸ்ல எத்தன பசங்களுக்கு சொல்லிக் குடுத்தேனோ, தப்பு. அது ரிப்பாங்கற வேற வார்த்த, கரைன்னு அர்த்தம். ஃபார்முலாவ டெரைவ் பண்ணுன்னு சொல்றாங்கல்ல, அதுதான் இந்தக் குடும்பம், வாய்க்கால்லேர்ந்து தண்ணிய பிரிச்சு விடுறது.

நம்ம பங்காளியும் அதே கததான. பங்கு இருக்கறவன், ஆனா சொல்லும்போதே ஒரு மொறப்பு. நீயும் அந்தப் பொண்ணும் ஒரே மேனேஜர் மடையிலதான தண்ணிக்கு நிக்கிறீங்க.

நீ எட்டாவது படிக்கையில நம்ம மொறத் தண்ணி அன்னிக்கு ராத்திரி உன் சித்தப்பன் மடைய வெட்டி அவன் வயலுக்கு திருப்பிட்டான், ஞாபகம் இருக்கா? ரெண்டு வருஷம் பேச்சு வார்த்த கெடையாது. ஆனா வாய்க்கால் தூர் வார்ற அன்னிக்கு ரெண்டு பேரும் மம்பட்டியோட வந்து நின்னோம், வேற வழி, வாரலன்னா ரெண்டு வயலும்ல காயும். அவன் கீழ நின்னு சேத்த வெட்டி வெட்டி கூடையில குடுக்க நான் மேல வாங்கி கரையில கொட்டுனேன், மத்தியானம் வரைக்கும், ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்காம.

அப்பா