அறுபதாவது நிலை

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் அரங்கேற்றத்துக்கு நாள் குறித்த செய்தி படித்து மனம் நிறைந்தது. சோதனை என்று சொல்லி மரபைக் கலைப்பவர்களிடம் பிள்ளைகளை எப்படி நம்பி அனுப்புவது என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி வந்ததிலிருந்து தாய்லாந்து நடனக் கலைஞர் பிச்சேத் கிளன்சுனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் மரபுக்கு வெளியிலிருந்து வந்தவர் அல்லர். ராமகியன் என்னும் தாய்லாந்து ராமாயணத்தை ஆடும் கோன் முகமூடி நாட்டியத்தை, 16 வயதில் சாயோத் கும்மானி என்ற ஆசானிடம் பயிலத் தொடங்கினார். அந்தக் கலையில் உடல்வாகைப் பார்த்தே நாயகன், நாயகி, அரக்கன், குரங்கு என்று மாணவரைப் பிரித்துவிடுவது வழக்கம். பிச்சேத்துக்கு அரக்கன் வாய்த்தது. ஆசான் ஆடுவதைப் பார்த்து, உடல் அதுவாகவே பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்வதுதான் பாடம்.

தாய் மரபு நடனத்தின் அடிப்படைப் பாடமான 'மே போத் யாய்' 59 நிலைகளைக் கொண்டது. கைகூப்பும் 'தெப்பனோம்' அதில் முதலாவது. பிச்சேத் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த 59 நிலைகளையும் வரைபடங்களாக வரைந்து ஆராய்ந்து, அவற்றுக்கு அடியில் ஆறு கூறுகள் இயங்குவதைக் கண்டார்: ஆற்றல், வட்டமும் வளைவும், அச்சுப் புள்ளிகள், ஒத்தியங்கும் கைகால்கள், உடலைச் சூழ்ந்த வெளி, இடம் மாறும் உறவுகள். 2020இல் அவர் மேடையேற்றிய படைப்பின் பெயர் 'எண் 60'. பட்டியலில் இல்லாத அந்த அறுபதாவது நிலையை ஆடுபவரே கண்டடைய வேண்டும்.

இதை மரபைக் கலைப்பது என்று என்னால் சொல்ல முடியவில்லை, மீனாட்சி. மனப்பாடமாக வந்த செய்யுளுக்கு இலக்கணம் எழுதியதாகவே எனக்குப் படுகிறது. சென்ற மாதம் என் மாணவிகளிடம், பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவுத் தொடரான அடவுகளில் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொண்டு, தோளை அச்சாகக் கொண்டு சுழலும் கையை முழங்கையை அச்சாக்கிச் சுழற்றச் சொன்னேன். ஐந்தாண்டுகள் பயின்றவர்கள் தடுமாறினாலும், கை எங்கிருந்து புறப்படுகிறது என்று முதல்முறையாகக் கேட்டார்கள். சேர்ந்து இரண்டு மாதமே ஆன சிறுமிகளுக்கோ அது வெறும் விளையாட்டாகவே முடிந்தது. அடித்தளம் ஊன்றாத உடலுக்கு இந்த ஆறு கூறுகளும் வெறும் சொற்களே என்பதால், அந்த வரையில் உன் அச்சத்தை நானும் ஏற்கிறேன்.

உன் பேத்திக்கு இது இப்போது வேண்டாம். அரங்கேற்றம் முடிந்த பிறகு, ஒரு கோடை விடுமுறைக்கு அவளை என்னிடம் அனுப்பு.

அன்புடன்,
வசந்தா