கலிங்கில் வழிந்தோடும் மாத்திரை

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்ற வரியை இவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இங்கே கால்வாயில் ஆழியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது.

கடைசியில் நீ போகிறபோக்கில் எழுதிய செய்திதான் மூன்று நாளாக என் மனத்தை அரிக்கிறது. கொரோனா காலத்தில் தொடங்கிய வைட்டமின் சி மாத்திரையை இன்னும் காலையில் இரண்டாகச் சேர்த்து, ஆயிரம் மில்லிகிராம், விழுங்குகிறாய். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தும் சிறுநீரில் இல்லை என்று வந்தது நிம்மதி என்கிறாய். முப்பது ஆண்டு ஆய்வகத்தில் நின்றவள் நான். அந்த நிம்மதியை நம்பாதே.

சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டையில் சர்க்கரை பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, அது சாயத்தின் நிறத்தை மாற்றும். சிறுநீரில் வைட்டமின் சி நிறைய இருந்தால் அந்தப் பெராக்சைடை முந்திக்கொண்டு அழித்துவிடும். நிறம் மாறாது, சர்க்கரை மறைந்துபோகும். இரத்தக் கசிவைக் காட்டும் கட்டமும் இப்படியே ஏமாற்றும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் சர்க்கரைக்கு நிறம் மாறும் பெனடிக்ட் கரைசலைச் சிறுநீரோடு சூடாக்கிப் பார்ப்போம். அங்கே நேர்மாறு: சர்க்கரையே இல்லாதவருக்கும் இதே வைட்டமின் நிறத்தை மாற்றிக் காட்டும். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் நான் முடிவை எழுதுவேன். உன்னிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

விழுங்கிய மருந்து சிறுநீருக்கு ஏன் போகிறது என்று நீ கேட்பாய். சின்ன வயதில் ஐப்பசி மழையில் நம் ஊர் ஏரி நிறைந்ததும் கலிங்கு வழிவதைப் பார்க்க ஓடுவோமே, அதை நினைத்துக்கொள். ஏரி நிறையும் வரை கலிங்கில் ஒரு சொட்டு வழியாது. சிறுநீரகமும் அப்படித்தான். இரத்தத்திலிருந்து வடிகட்டிய வைட்டமின் சி-யை, உடலில் அது குறைவாக இருக்கும்போது, நுண்குழாய்களின் வழியே ஏறக்குறைய முழுவதையும் மீட்டு உள்ளே அனுப்பிவிடும். மீட்டெடுக்கும் புரதங்களின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டியதெல்லாம் வெளியேறும்.

ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலும் குறுகலானது. சிறுகுடல் சுவரில் சோடியத்தோடு சேர்த்து இந்த வைட்டமினை உள்ளே இழுக்கும் புரதங்கள் இருக்கின்றன. உணவில் வருகிற அளவென்றால் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு பங்கு வரை உள்ளே போகும். ஒரே வேளையில் ஒரு கிராமுக்கு மேல் போனால் பாதிகூடத் தேறாது. மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கி நீரை இழுக்கும். உனக்குக் காலையில் வயிறு கடமுடா என்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஏழு இளைஞர்களை மாதக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கவைத்து இதை அளந்து, 1996-இல் வெளியிட்டார்கள். நாளுக்கு 30-லிருந்து 100 மில்லிகிராம் வரை கூட்டும்போது இரத்தத்தில் அளவு விறுவிறுவென ஏறியது. 200-க்கு மேல் ஏற்றம் மந்தம், 400-க்குப் பிறகு ஏறக்குறைய நின்றேவிட்டது. வெள்ளணுக்களோ 100 மில்லிகிராமிலேயே நிறைந்துவிட்டன. ஒரே வேளையில் 500-ம் அதற்கு மேலும் கொடுத்தபோது, உள்ளே போனதில் பெரும்பகுதி சிறுநீரில் வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பெண்களுக்குச் சொன்ன அளவு நாளுக்கு 65 மில்லிகிராம். ஒரு கொய்யாப்பழம் போதும்.

அதற்காக இந்த வைட்டமினை நான் லேசாக நினைக்கிறேன் என்று எண்ணாதே. ஆடு தன் உடம்பிலேயே இதைச் செய்துகொள்கிறது, நம்மால் முடியாது. அட்ரீனல் சுரப்பியும் மூளையும் வெள்ளணுக்களும் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு சேர்த்து வைத்துக்கொள்கின்றன. செலவானதைச் சிவப்பணுக்கள் உள்வாங்கிப் புதுப்பித்துத் தருகின்றன. இத்தனை சிக்கனமாகக் காத்தும் மொத்தக் கையிருப்பு ஒன்றரை, இரண்டு கிராம்தான். 300 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஸ்கர்வி என்ற குறைபாட்டு நோய்.

அதை இந்த ஆண்டு என் கண்ணாலேயே பார்த்தேன். வேலந்தாவளத்தில் எங்கள் அத்தை, மாமா போனபிறகு தனியாக இருக்கிறார்கள். கஞ்சி, அப்பளம், பால் சேர்க்காத கட்டன் சாயா, இவ்வளவுதான் மாதக்கணக்கில் சாப்பாடு. ஈறில் இரத்தம் வந்தது. கெண்டைக்காலில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிவப்புப் புள்ளி. முதலில் பார்த்த இடத்தில் வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த இளம் மருத்துவர்தான், "என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். மாத்திரையும் கொய்யாவும் கொடுத்து ஒரு வாரத்தில் இரத்தம் நின்றது. அத்தைக்கு அந்த மாத்திரை அமிர்தம். வற்றிய ஏரி அல்லவா?

உன்னுடையது நிறைந்த ஏரி. அதோடு, உனக்குச் சிறுநீரகக் கல் ஒரு முறை வந்திருக்கிறது. இந்த வைட்டமினில் ஒரு பகுதி உடலில் ஆக்சலேட் என்ற உப்பாக மாறிச் சிறுநீரில்தான் இறங்கும், கல் கட்டுவதும் பெரும்பாலும் அதிலிருந்துதான். நாளைக்கே உன் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல். நிறுத்திச் சில நாள் கழித்துச் சிறுநீரை மறுபடி சோதித்துப் பார். இரத்தச் சர்க்கரைக்கு அவர் சொல்வதைத் தட்டாதே.

தங்கை மகன் புதன்கிழமை திருச்சிக்கு வருகிறான். இரண்டு கிலோ நெல்லிக்காய் கொடுத்தனுப்புகிறேன். வேகவைத்தால் வைட்டமினில் ஒரு பகுதி போய்விடும், பச்சையாகவே சாப்பிடு. தனியாக ஒரு பாட்டிலில் உப்பிலிட்டதும் வைக்கிறேன், அது மருமகளுக்கு. சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது, காத்திருப்பேன்.

அன்புடன்,
வசந்தா